நகம் தட்டும் இடம்

(கங்கைகொண்டானில் விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய டிராக்டருக்கு இஞ்சின் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் சொன்னேன். "பழசைக் கழத்துறது, புதுசை மாட்டுறது. இதுல ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருஷம் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவன் நான். கழற்றவும் மாட்டவும் பையன்கள் ஒரு வருஷத்துக்குள் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள். கழற்றுவதற்கு முன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் வகுப்பில் கற்கவில்லை. எங்கள் வீட்டு வண்டி படுத்துத்தான் அதைக் கற்றுக்கொடுத்தது. அதனால் இன்றைக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. அந்த வண்டியின் நோய்க் கதையைச் சொல்கிறேன்.

நோய் என்று சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஆச்சி வாயில் டிராக்டர் என்ற சொல் கடைசிவரை நுழையவில்லை. அவளுக்கு அது 'டாக்டரு'. "டாக்டரு வடக்குக் காட்டுக்குப் போயிருக்கு, பொழுதடைய வந்துரும்" என்பாள். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி, காட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறிப்போய்க் கேட்டுவிட்டார். அன்றைக்குச் சிரித்தோம். சில வருஷத்தில் டாக்டருக்கே வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது.

வண்டி மாஸி பெர்குசன் 1035. அப்பா 1982ல் பழசாக வாங்கினார். எங்களுக்குச் சிற்றாற்றை ஒட்டிக் கொஞ்சம் நஞ்சை, வடக்கே கயத்தாறு போகிற பக்கம் மானாவாரிக் கரிசல். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வண்டி ஐப்பசியில் கேஜ் வீல் கட்டிக்கொண்டு சேற்றில் தொழியடிக்கும். சித்திரையில் ஒன்பது கலப்பையைக் கட்டிக்கொண்டு காட்டில் கோடை உழவு ஓட்டும். சேற்றில் இறங்குகிற வண்டியைப் பார்த்தால்தான் நமக்குப் பாவமாக இருக்கும், சக்கரம் முழுக்கச் சகதி அப்பிக்கொண்டு முக்கி முக்கிப் போகும். ஆனால் சேறு இஞ்சினுக்குள் போவதில்லை. காட்டில் சுகமாக ஓடுகிற வண்டிக்குத்தான் ஆபத்து. கரிசல் புழுதி மாவு மாதிரி. காற்றில்லாத நாளிலும் வண்டிக்குப் பின்னால் எழும்பி, ஓட்டுகிறவரைச் சுற்றி அப்படியே நிற்கும்.

1990ல் முதல் தடவை படுத்தது. திடீரென்று படுக்கவில்லை, இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதலில் இழுவை குறைந்தது; மூன்றாம் கியரில் இழுத்த காட்டை இரண்டாம் கியரில் இழுத்தது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வாரம் அரை லிட்டர், அப்புறம் ஒரு லிட்டர். சைலன்சரில் நீலப் புகை. பிரீதர் குழாயில் அடுப்பூதுகிற மாதிரி புகை தள்ளியது. கடைசியில் காலையில் ஸ்டார்ட்டே ஆகவில்லை. அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார்: ராத்திரி வண்டியைக் குளத்துக் கரைச் சரிவில் நிறுத்திவைப்பார். காலையில் உருட்டிவிட்டு, கியரில் போட்டு, கிளட்சை விட்டால் எடுத்துக்கொள்ளும். ஊரில் பாதி வண்டி அந்தக் காலத்தில் கரையில்தான் தூங்கியது. கரைமேல் வரிசையாக நிற்கிற டிராக்டர்களைப் பார்த்தே யார் யார் வீட்டு இஞ்சின் போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

இஞ்சினை ஒரு பட்டறையில் கொடுத்தோம். பட்டறையின் பெயர் வேண்டாம், அவர்கள் வேலையில் குறை இல்லை. புது ஸ்லீவ், புது பிஸ்டன், புது ரிங், கிராங்கைச் சாணை பிடித்துப் பத்து சைஸ் மெட்டல், வால்வு, நாசில் எல்லாம் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி புதுப் பெண் மாதிரி வந்தது. இரண்டு வருஷம் ராஜாவாக ஓடியது. மூன்றாம் வருஷம் மறுபடியும் நீலப் புகை, பிரீதரில் மறுபடியும் ஊத்து. அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டான்" என்று பட்டறைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போய் நின்றேன். அப்போது நான் வாத்தியாராகிச் சில வருஷம் ஆகியிருந்தது. இஞ்சினைத் திறந்து பார்க்காமலே தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு பேட்டையிலிருந்து ஒரு பாயைக் கூட்டிவந்தோம். வயசானவர், தனியாளாகத் தொழில் செய்தவர். வீட்டு முற்றத்திலேயே ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியார் தம்பி, வாரும். நகத்தை வச்சு மேலேருந்து கீழ இழுத்துப் பாரும்."

சிலிண்டர் சுவரில் மேல் விளிம்பிலிருந்து பெருவிரல் நகத்தை இழுத்தேன். ஒரு விரற்கடை இறங்குவதற்குள் நகம் ஒரு படியில் தட்டி விழுந்தது. மேலே ரிங் ஏறாத இடம் புதுசாக அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ரிங் உராய்ந்த இடம் குழிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் படி. "இன்னும் கீழ போங்க" என்றார். கீழே போகப் போகக் குழிவு குறைந்து, அடிப்பக்கம் கிட்டத்தட்டப் புதுசாகவே இருந்தது.

அடுத்து அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பை இறக்கி, கிராங்க் சுழல்கிற மெட்டல் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கீறல் இல்லை. பளபளப்புக்கூடப் போகவில்லை. "மேல தேஞ்சிருக்கு, கீழ தேயல. இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

இதை ஐந்நூறு பையன்களுக்காவது கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஆயிலில் அழுக்கு இருந்தால் மெட்டல் முதலில் போகும், ரிங்கில் கீழ் ரிங்குதான் அதிகம் தேயும். மேல் ரிங்கும் சிலிண்டரின் மேல்பக்கமும் மட்டும் தேய்ந்திருந்தால் அழுக்கு மேலேயிருந்து, காற்றோடு வந்திருக்கிறது. அன்றைக்கு வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பாய் எழுந்து போனார். ஏர் கிளீனரிலிருந்து இஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினார். குழாயை உருவி, இஞ்சின் பக்கத்து வாயில் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே எடுத்து அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தார். விரல் நுனியில் வடக்குக் காடு ஒட்டியிருந்தது. குழாயை மடக்கிக் காட்டினார். மடங்கின இடத்தில், அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முந்தின தடவை இஞ்சின் கட்டியபோது ஆயிரக்கணக்கில் சாமான் வாங்கிப் போட்டோம். அந்தக் குழாய் மட்டும் பழசு. சில ரூபாய்ச் சாமான், அதனால் யாரும் பார்க்கவில்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போய் அந்தப் பட்டறைக்காரரிடம், "அன்னைக்குப் பேசினதை மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் வண்டி இஞ்சின் இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். நிமிஷத்துக்கு 1500 சுற்றில் உழுதால் 750 மூச்சு. ஒரு மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் காற்று. 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி எட்டு லாரி. அவ்வளவையும் கோடை உழவுப் புழுதிக்குள்ளிருந்துதான் இழுக்கிறது. அதில் ஒரு சிட்டிகை புழுதி தப்பி உள்ளே போய் ஆயிலோடு கலந்தால் என்ன ஆகும்? வால்வு தேய்க்கிற பேஸ்ட் தெரியும் இல்லையா, தம்பிமாரே, அதுதான் ஆகும். காசு கொடுத்து டப்பாவில் வாங்குகிற பேஸ்டை நாமே சிலிண்டருக்குள் தயார் பண்ணுகிறோம்.

பழைய வண்டிகளில் இருக்கிற ஆயில் ஏர் கிளீனரை இப்போது பலர் கேலி செய்கிறார்கள். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு அது நல்ல சாமான். காற்று நடுக்குழாய் வழியாக இறங்கி, கிண்ணத்து ஆயிலில் மோதி, அப்படியே திரும்பி மேலே ஏறும். கனமான புழுதி திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தை மேலே கம்பி வலை பிடிக்கும். செய்ய வேண்டியது இரண்டுதான். கிண்ணத்தில் கோடு வரைக்கும் ஆயில் இருக்க வேண்டும். கூடினால் இஞ்சின் உறிஞ்சும், குறைந்தால் புழுதியைப் பிடிக்காது. காட்டில் புழுதி உழவு ஓடுகிற நாளில் தினமும் கிண்ணத்தைக் கழற்றி அடியில் படிந்த களியை வழித்துப் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம் இல்லை என்கிறவர்களுக்கு இஞ்சின் வேலைக்கு இருபது நாள் கிடைத்துவிடுகிறது.

இன்னும் இரண்டு சங்கதி, சுருக்கமாக. முதலாவது, நம் மெக்கானிக்குகளுக்குத் தெர்மோஸ்டாட் மேல் ஏனோ ஒரு பகை. ஹெட்டைத் திறந்தால் முதலில் அதைத் தூக்கி எறிகிறார்கள், "வண்டி கூலா ஓடும் அண்ணாச்சி" என்கிறார்கள். இஞ்சின் கூலாக ஓடக் கூடாது. சூடு ஏறாத சிலிண்டரில் ஈரமும் அமிலமும் படிந்து சுவரை அரிக்கும். என்னிடம் படித்த பையன்களும் எறிகிறார்கள், அதுதான் வருத்தம். இரண்டாவது, ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது. அந்த உப்பு முழுவதும் சிலிண்டரைச் சுற்றிச் சுண்ணாம்பாகப் படியும்.

இங்கே கொஞ்சம் ஊர்ப்பெருமை பேசிக்கொள்கிறேன். நாற்பது வருஷத்துப் பழைய வண்டிக்குச் சாமான் வேண்டும் என்று திருநெல்வேலிக் கடையில் கேட்டால் கடைக்காரர் அளவை மட்டும் கேட்டுவிட்டு எடுத்துப் போடுகிறார். எப்படி? பிராங்க் பெர்கின்ஸ் என்கிற இங்கிலாந்துக்காரர் 1932ல் பீட்டர்பரோவில் டீசல் இஞ்சின் கம்பெனி தொடங்கினார். லாரியில் இருக்கிற பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் டீசல் இஞ்சினை உட்கார வைப்பதுதான் அவர்கள் ஆரம்பத்தில் பிழைத்த பிழைப்பு. இன்றைய நம் பேச்சுப் பொருளிலேயே பிறந்த கம்பெனி என்று சொல்லலாம். 1950களில் சென்னை சிம்சன் கம்பெனி அந்த இஞ்சினை உரிமம் பெற்று இங்கேயே செய்ய ஆரம்பித்தது. சிம்சன் 1840ல் தொடங்கிய, குதிரைச் சாரட்டுக் காலத்துக் கம்பெனி. இஞ்சின் செய்ய ஆரம்பித்தபோது அதை நடத்தியவர் அனந்தராமகிருஷ்ணன். எந்த ஊர் என்கிறீர்கள்? நம் ஆழ்வார்திருநகரி. 1959ல் மாஸி பெர்குசன் கம்பெனி பெர்கின்ஸை வாங்கியது. 1960ல் அனந்தராமகிருஷ்ணன் மாஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே என்கிற டிராக்டர் கம்பெனியைத் தொடங்கினார். நம் மாஸி பெர்குசன் மாதிரி டாஃபே டிராக்டருக்குள் சிம்சனின் மூன்று சிலிண்டர் இஞ்சின் உட்கார்ந்த கதை இது. டி.வி.எஸ். கம்பெனியை உண்டாக்கிய சுந்தரம் ஐயங்காரும் திருக்குறுங்குடிக்காரர்தான். நம் சீமைக்காரர்கள் அல்வாவோடு நிற்கவில்லை.

அந்த மூன்று சிலிண்டர் குடும்பம் டிராக்டரோடு நிற்கவில்லை. ஜெனரேட்டரில் வைத்தார்கள், கம்ப்ரஸரில் வைத்தார்கள், கிரேனில் வைத்தார்கள். நாடெங்கும் லட்சக்கணக்கில் பரவிய இஞ்சினுக்குச் சாமான் எப்படி இல்லாமல் போகும்? விசித்திரமான வெளிநாட்டு வண்டி வாங்கிவிட்டு ஒரு வாஷருக்காக இணையத்தில் தேடுகிற கதை நமக்கு இல்லை. பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில் இதுதான்: சாமான் கிடைக்கிறவரை வண்டி பழசில்லை.

மூன்றாவது நோய்க்கு வருவோம். பாய் கட்டிக் கொடுத்த இஞ்சின் பதினெட்டு வருஷம் ஓடியது. புகை இல்லை, ஆயில் குடிக்கவில்லை. 2011ல் அதுவும் போனது. அந்தக் குற்றவாளி நான். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் ஒருநாள் கீழே விழுந்து கிடந்தது. மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் அதற்கு முன் இரண்டு தடவை மீட்டர்தான் கெட்டிருந்தது. மாற்றவில்லை. மூன்றாம் நாள், டிரெய்லரில் உரம் ஏற்றி வரும்போது, உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி நாலு அடி. பிறகு ஒரு பெரிய அடி. கனெக்டிங் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஆயில் போகாமல் மெட்டல் ஒட்டிச் சுற்றிவிட்டிருக்கிறது. பிளாக்கில் என் முஷ்டி நுழைகிற ஓட்டை. இந்த இடத்தில் நகம் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. இஞ்சினையே மாற்ற வேண்டும்.

என் மைத்துனர் மகன் ஒருவன் ஓடிவந்தான். "மாமா, நாலு சிலிண்டர் லாரி இஞ்சின் ஒண்ணு சல்லிசா வருது. அதைப் போட்ருவோம். சும்மா பறக்கும்." நிறையப் பேருக்கு இந்த ஆசை வரும், அதனால் பதிலை இங்கேயும் சொல்கிறேன். வண்டியின் கியர், பின் அச்சு, பிரேக் எல்லாம் முப்பத்தைந்து குதிரைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. எழுபது குதிரையை முன்னால் கட்டினால் பின்னால் இருக்கிற பல் உடையும். அது உடைவதற்குள் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஆள் போய்விடலாம். தவிர, டிராக்டர் பறக்கவா போகிறது?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. லாரியில் சட்டம் இருக்கிறது. இஞ்சின் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் லாரி லாரியாகவே நிற்கும். நம் டிராக்டரில் சட்டமே கிடையாது. 1917ல் ஹென்றி போர்டு செய்த போர்ட்சன் டிராக்டரிலிருந்து வந்த வழக்கம் அது. முன் அச்சு இஞ்சினில் முடுக்கியிருக்கிறது, இஞ்சின் கியர் பெட்டியில் முடுக்கியிருக்கிறது, கியர் பெட்டி பின் அச்சில். இஞ்சின்தான் முதுகெலும்பு. அதை எடுத்தால் வண்டி இரண்டு துண்டு. வேறு இஞ்சினை வைப்பதென்றால் முதுகெலும்பை வெல்டிங் வைத்து ஒட்டுவது மாதிரி. சிலர் செய்திருக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. நான் ஏறி உட்கார மாட்டேன்.

தேடியதில் மூடிப்போன ஆலை ஒன்றின் ஜெனரேட்டரிலிருந்து இறக்கிய மூன்று சிலிண்டர் சிம்சன் இஞ்சின் கிடைத்தது. குறைவாக ஓடியது. நகம் வைத்துப் பார்த்தேன், தட்டவில்லை. ரசீதோடு வாங்கினேன். இப்படி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஜெனரேட்டருக்குப் போனவன் வேறு வேலைக்கு வளர்ந்தவன். டிராக்டர் இஞ்சினின் சம்ப் கனமான வார்ப்பிரும்பு, வண்டியின் பாரத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஜெனரேட்டர் இஞ்சினில் பெரும்பாலும் தகட்டுச் சம்ப்; அதோடு மாட்டினால் தாங்காது. ஜெனரேட்டர் எப்போதும் 1500 சுற்றிலேயே ஓட வேண்டும், அதற்கேற்ற கவர்னர் அதன் பம்பில் இருக்கும். நமக்கு உழவுக்கு ஒரு வேகம், டிரெய்லருக்கு ஒரு வேகம். ஆகவே சம்ப், பம்ப், பிளைவீல், முன் தாங்கி எல்லாவற்றையும் பழைய இஞ்சினிலிருந்து எடுத்துப் புதுசுக்கு மாற்றினோம். ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் மாற்றினோம். பழைய இஞ்சினை அவசரப்பட்டு இரும்புக் கடைக்குப் போடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

வண்டியைப் பிளந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாசிக் கடைசி, பிசான அறுப்பு முடிந்திருந்தது. சமதளம் வேண்டும் என்பதற்காகக் களத்தில் நிறுத்தினோம். பேட்டரி, பானெட், ரேடியேட்டர், டீசல் டேங்க் எல்லாம் இறங்கின. ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற கம்பிகளை இரண்டு பக்கமும் கழற்றினோம். கியர் பெட்டிக்கு அடியில் கட்டை அடுக்கினோம். கூட நின்ற பையன் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுவிட்டான், கையைப் பிடித்தேன். முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடுகிற அச்சு. பின்பாதியோடு இருக்கிறவரை நிற்கும், பிரித்த நிமிஷம் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்து விழும். அடியில் கால் இருந்தால் கால் போகும். அச்சுக்கும் மேல் வார்ப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் கருவேல மர ஆப்பை அடித்து இறுக்கிய பிறகுதான் போல்ட்டைத் தொட விட்டேன். இன்றைக்கு நான் பேசியதில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும், தம்பிமாரே, இந்த ஆப்பு நிற்கட்டும்.

முன்பாதியை மூன்று பேர் மெள்ள உருட்டினோம். வண்டிக்கு நடுவில் ஆகாயம் தெரிந்தது. அப்பா அப்போது இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, பின்பாதியின் இருக்கையைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

முக்காலியில் செயின் பிளாக்கைக் கட்டிப் பழைய இஞ்சினை இறக்கினோம், இருநூறு கிலோவுக்கு மேல். புதுசைத் தொங்கவிட்டபோதே கிராங்க் பின்பக்கத்துக் கயிறு சீலையும் மாற்றினேன். அதற்காகவே மறுபடி வண்டியைப் பிளப்பது கொடுமை. கயிற்றை ஆயிலில் ஊறவைத்து, பள்ளத்தில் உருண்டைக் கம்பியால் உருட்டி உருட்டி உட்கார வைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரே மாதத்தில் ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட் நனைந்துவிடும்.

சேர்ப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. கியர் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஷாப்ட்டின் பல், கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைய வேண்டும். ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டது. "போல்ட்டைப் போட்டு இறுக்குனா தானா வந்துரும் சார்" என்றான் பையன். இந்த ஒரு வாக்கியத்தால் காது உடைந்த கியர் பெட்டிகளை எண்ணினால் ஒரு லாரி நிறையும். பின்னால் ஒருவனை விட்டு ஷாப்ட்டை மெள்ளத் திருகச் சொன்னேன். கால் சுற்று. அரைச் சுற்று. 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு பாதியும் கைத் தள்ளலிலேயே முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டன. பிறகுதான் போல்ட்.

பொழுது சாயும்போது டீசல் லைனில் காற்றை எடுத்தோம். நுரை வந்து, நுரை நின்று, சுத்தமான டீசல் வந்தது. கம்பியால் கிராங்க் சுற்றி ஆயில் ஏறிவிட்டதா என்று பார்த்தோம். புது மீட்டர், புது ரப்பர் குழாய், புதுக் கிளிப் இரண்டு, இவற்றை நானே என் கையால் மாட்டினேன். மூன்று சிலிண்டரின் வெடிப்பு வரிசை ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். சின்னப் பையனுக்கும் மறக்காது. மூன்றாவது சுற்றில் எடுத்துக்கொண்டது. மீட்டர் முள் எழும்பி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புது இஞ்சினைச் சும்மா நிறுத்தி மணிக்கணக்கில் ஓடவிடுகிறார்கள், "செட்டாகட்டும்" என்று. அது செட்டாகாது. பாரம் இல்லாமல் ஓடினால் சுவர் கண்ணாடியாக வழவழத்துப்போய் ரிங் பிடிக்காது. மிதமான வேலை கொடுங்கள். காலி டிரெய்லர், ஈர மண்ணில் மேலுழவு. ஐம்பது மணி நேரம் போனதும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

காகித வேலையை விட்டுவிடாதீர்கள். இஞ்சின் எண் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் புது எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். நாளைக்கு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்க்கிற இடம் அது.

செலவு எவ்வளவு என்று முன்வரிசை அண்ணாச்சி இப்போதே கையைத் தூக்குகிறார். புது வண்டிக்குக் கடன் வாங்கப் போனால் முன்பணமாகக் கேட்பார்களே, அதைவிடக் குறைவு. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. நம் சிப்காட்டில் ஏ.டி.சி. தொழிற்சாலையில் செய்கிற டிராக்டர் டயர் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. 2016ல் ஜப்பான் யோகோஹாமா கம்பெனியே அதை வாங்கிவிட்டது. அங்கே வேலைக்குப் போகிற பையன்கள் ஆளுயர டயரைச் செய்துவிட்டு, ஷிப்ட் முடிந்து வந்து, என்னுடைய பழைய வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் காட்டை உழுகிறார்கள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: திருப்பித் தரும்போது ஏர் கிளீனர் கிண்ணத்தைத் துடைத்துத் தர வேண்டும்.

நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஏர் கிளீனரிலிருந்து போகிற ரப்பர் குழாயைக் கழற்றி, இஞ்சின் பக்கத்து வாயில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விரல் சுத்தமாக வந்தால் மாட்டிவிட்டு உழவுக்குப் போங்கள். புழுதி ஒட்டினால் அன்றைக்கு உழவு வேண்டாம். குழாயையும் கிளிப் இரண்டையும் மாற்றிவிட்டு மறுநாள் போங்கள்.